ஐரோப்பாவின் டிஜிட்டல் பாஸ்போர்ட்: பனியன் கம்பெனிகள் நூல் வந்த நாளிலிருந்தே எழுத வேண்டிய கணக்கு

நாங்கள் அனுப்பிய டி-ஷர்ட் சரக்கு ஹாம்பர்க் போய்ச் சேர்ந்த பத்தாவது நாள், வாங்கியவரிடமிருந்து நான்கு கேள்விகளுடன் ஒரு மின்னஞ்சல் வந்தது. நூல் எந்த மில்லுடையது, அதன் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) என்ன, எந்தச் சாயப்பட்டறையில் எந்தத் தேதியில் சாயம் ஏறியது, ஆர்கானிக் பருத்தி என்பதற்கான டிரான்சாக்ஷன் சான்றிதழ் எங்கே என்று கேட்டிருந்தார்கள். இரண்டு நாளில் பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் நிட்டிங் சலானில் "30ஸ் கோம்ப்டு, 412 கிலோ" என்று நூலின் ரகத்துக்கும் எடைக்கும் மேல் எதுவும் எழுதப்படவில்லை. சாயப்பட்டறையின் பேட்ச் கார்டில் அவர்களுடைய சொந்த எண் மட்டுமே இருந்தது. அந்த வாரத்தில் ஆர்கானிக் நூல் ஒரு லாட்டும் சாதாரண நூல் ஒரு லாட்டும் ஒரே நிட்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தன. எந்த ரோல் எந்த நூலில் ஓடியது என்று காட்டக்கூடிய ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் இல்லை. மூன்று வாரம் தேடிய பிறகு, "ஆர்கானிக்" என்ற சொல்லை நீக்கிவிட்டு, விலையைக் குறைத்துத்தான் அந்தச் சரக்கை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த நான்கு கேள்விகளும் இனி ஒரு வாடிக்கையாளரின் விருப்பமாக நிற்கப் போவதில்லை, சட்டத்தின் கேள்விகளாகவே வரப்போகின்றன. பொருளோடு இணைந்து போகும் தகவல் தொகுப்பான டிஜிட்டல் பாஸ்போர்ட்டை ஐரோப்பா கேட்கப்போகிறது. திருப்பூரில் ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் சிறு, நடுத்தர கம்பெனிகளில் இந்த வேலையைப் புதிதாக ஏற்பவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

1. எந்தச் சட்டம் உங்களைத் தொடுகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

வாங்குபவர்களின் கடிதங்களில் பல சட்டங்களின் பெயர்கள் கலந்து வரும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். உங்களுக்கு முக்கியமானவை ஐந்து.

முதலாவது, நிலைத்த தயாரிப்புகளுக்கான சூழல் வடிவமைப்பு விதி, அதாவது 2024/1781 என்ற எண் கொண்ட ஈ.எஸ்.பி.ஆர். இது 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும், அதைப் பழுதுபார்க்க முடியுமா, மறுசுழற்சி செய்ய முடியுமா, அதில் கவலைக்குரிய வேதிப்பொருள் உண்டா என்பவற்றைப் பொருள்வாரியாக நிர்ணயிக்கும் அதிகாரத்தை இது ஐரோப்பிய ஆணையத்துக்குத் தருகிறது. டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் இதன் கீழ்தான் வருகிறது. 2025 ஏப்ரலில் ஆணையம் வெளியிட்ட செயல்திட்டத்தில் ஆடைகளுக்கான விதி 2027-க்கு என்று குறிக்கப்பட்டுள்ளது. அப்படி ஒரு விதி நடைமுறைக்கு வந்த பின்பும், அது பொருந்தத் தொடங்குவதற்குப் பொதுவாகக் குறைந்தது 18 மாத அவகாசம் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, நார்ச் சேர்க்கை லேபிளுக்கான 1007/2011. மூன்றாவது, வேதிப்பொருள்களுக்கான ரீச். இவை இரண்டும் ஏற்கெனவே அமலில் இருப்பவை. நான்காவது, பேக்கிங் பொருள்களுக்கான 2025/40. இது 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்துகிறது. ஐந்தாவது, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் சூழல் வாசகங்களைத் தடுக்கும் 2024/825. இதன் தேதி 2026 செப்டம்பர் 27.

விற்காத ஆடைகளையும் காலணிகளையும் அழிக்கக் கூடாது என்ற தடையும் ஈ.எஸ்.பி.ஆர்.-இல் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலை 19 முதலும், நடுத்தர நிறுவனங்களுக்கு 2030 ஜூலை 19 முதலும் அது பொருந்துகிறது. இந்தத் தடை நேரடியாக உங்கள் மேல் விழாது. ஆனால் மிச்சச் சரக்கை அழிக்க முடியாத ஒரு வாங்குபவர் ஆர்டர் அளவைச் சுருக்கி, அடிக்கடி ஆர்டர் கொடுக்கவே விரும்புவார் என்பது என் கணிப்பு. சிறிய லாட்டுகளை ஓட்டும் திறமைக்கு இனி மதிப்புக் கூடும்.

2. பொறுப்பு யாருடையது என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள்

பாஸ்போர்ட்டை உருவாக்கும் சட்டப் பொறுப்பு, பொருளைத் தன் பெயரில் ஐரோப்பியச் சந்தையில் வைப்பவருடையது. வாங்குபவரின் பிராண்டு பெயரில் தைத்துக் கொடுத்தால், சட்டத்தின் பார்வையில் அவரே உற்பத்தியாளர், நீங்கள் தகவல் தருபவர். உங்கள் சொந்தப் பிராண்டை ஐரோப்பிய நுகர்வோருக்கு நேராக விற்றால் நிலைமை முற்றிலும் வேறு. 2024 டிசம்பர் 13 முதல் பொருந்தும் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி 2023/988-இன்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ஒரு பொறுப்பாளர் உங்களுக்கு வேண்டும். பொருளின் மேல் உங்கள் முகவரியும் பேட்ச் எண் போன்ற ஓர் அடையாளமும் இருக்க வேண்டும். ஜெர்மனிக்குள் நேராக விற்பவர்கள் லூசிட் என்ற பேக்கிங் பதிவேட்டிலும் பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பேக்கிங்கின் எடைக்கு ஏற்ப ஒரு சேகரிப்பு அமைப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. வாங்குபவர் அனுப்பும் "சப்ளையர் உறுதிமொழி"யில் எல்லாச் சட்டங்களுக்கும் நாமே பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் அதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். எந்தத் தகவலை, எந்த வடிவத்தில், சரக்கு கிளம்பும் முன்பா பின்பா, எத்தனை ஆண்டு வரை தர வேண்டும் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். சோதனைக் கட்டணம் யாருடையது என்பதையும் அதே தாளில் சேருங்கள். விலை பேசி முடித்த பிறகு கேட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

3. லாட் எண்ணை நூல் பையிலிருந்து அட்டைப்பெட்டி வரை கொண்டு செல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் இடம்பெறக்கூடியவை என்று சட்டம் சொல்பவற்றில் பொருளின் தனி அடையாள எண், சுங்கக் குறியீடு, உற்பத்தி நடந்த இடத்தின் அடையாள எண், இறக்குமதியாளர் விவரம், இணக்க ஆவணங்கள் ஆகியவை அடங்கும். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கடைசி நாளில்கூடத் தேடி எடுத்துவிடலாம். எந்த நூல் எந்த ஆடையாயிற்று என்பதை மட்டும் பின்னால் உருவாக்கவே முடியாது.

நூல் வந்ததும் பையின் மேல் உள்ள மில் ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படம் எடுத்து, பில் எண்ணையும் லாட் எண்ணையும் உள்வரவுப் பதிவேட்டில் எழுதுங்கள். அதன் பிறகு உங்கள் கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு குறுகிய எண் கொடுங்கள். நாங்கள் ஆண்டு, ஆர்டர் எண், நூல் வரிசை ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுகிறோம். நிட்டிங்குக்கு, சாயத்துக்கு, துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங்குக்கு, பிரிண்டிங்குக்கு என்று போகும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் சலானிலும் அந்த எண் இருக்க வேண்டும். சலான் புத்தகத்தை மறுபடி அச்சடித்தபோது "லாட்" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தோம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கேட் பாஸ் போடக் கூடாது என்று செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்தோம். மென்பொருள் வாங்குவதற்கு முன்பே பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிட்டது.

ரோலின் மேல் மார்க்கரால் எழுதுவதை மட்டும் நம்பாதீர்கள். துணி சாயத்தொட்டிக்குள் போய் வந்தால் அந்த எழுத்து இருக்காது. ரோலின் ஒரு முனையில் சாயம் ஏறாத பாலியஸ்டர் நூலால் எண்ணைத் தைத்து அனுப்புங்கள். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டரில் ஏறாது என்பதால், அடர்ந்த நேவி புளூவிலும் அந்த எண் வெள்ளையாகத் தெரியும். எங்கள் கட்டிங் மாஸ்டர் சொன்ன யோசனை இது. சாயப்பட்டறையின் பேட்ச் கார்டு நகல் ஒவ்வொன்றையும் நம் சலானோடு பின் செய்து வையுங்கள். அவர்கள் எண்ணையும் நம் எண்ணையும் இணைக்கும் ஒரே காகிதம் அதுதான்.

கட்டிங்கில், வெட்டிய துண்டுக் கட்டோடு போகும் பண்டில் டிக்கெட்டில் லாட் எண் ஏற வேண்டும். பேக்கிங்கில் எந்தப் பெட்டி எண்ணிலிருந்து எந்தப் பெட்டி எண் வரை எந்த லாட் என்று பேக்கிங் லிஸ்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

4. எடைக் கணக்கை அன்றன்றே முடியுங்கள்

ஆர்கானிக் என்றோ மறுசுழற்சி என்றோ சொல்லி விற்றால், ஜி.ஓ.டி.எஸ். (ஆர்கானிக்குக்கு) அல்லது ஜி.ஆர்.எஸ். (மறுசுழற்சிக்கு) போன்ற தரத்தின் கீழ், எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றீர்கள் என்று காட்டும் ஸ்கோப் சான்றிதழும், ஒவ்வொரு விற்பனைக்கும் டிரான்சாக்ஷன் சான்றிதழும் வேண்டும். இந்த இரண்டாவது சான்றிதழுக்கான அடிப்படை எடைக் கணக்குதான். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1000 கிலோ நூல் உள்ளே வந்து, நிட்டிங் முடிந்து 990 கிலோ ஆகி, சாயமும் காம்பாக்டிங்கும் முடிந்து 940 கிலோ ஆகி, கட்டிங் கழிவு 160 கிலோ போக 780 கிலோ ஆடையானால், ஒன்று 156 கிராம் வீதம் 5000 துண்டுகள். நீங்கள் 5400 துண்டுக்குச் சான்றிதழ் கேட்டால், மீதி 400 எங்கிருந்து வந்தது என்று ஆடிட்டர் கேட்பார். அது நியாயமான கேள்வியும்கூட.

கவனிக்க வேண்டியவை இரண்டு. நூல் விற்ற மில்லிடமிருந்து அவர்களுடைய டிரான்சாக்ஷன் சான்றிதழ் வந்த பிறகுதான் உங்களுடையது கிடைக்கும். ஆகவே நூல் பில்லுக்குப் பணம் கட்டும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வையுங்கள். அடுத்து, சாயப்பட்டறை, பிரிண்டிங் யூனிட் ஆகியவற்றின் ஸ்கோப் சான்றிதழை நகலாக வாங்கி, தேதியோடு நிறுத்தாமல், நீங்கள் செய்விக்கும் வேலை அதன் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாயத்துக்குச் சான்று பெற்றவர் பிரிண்டிங்குக்குப் பெறாமல் இருக்கலாம். ஸ்கோப் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும். புதிதாக எடுப்பவர்கள் விண்ணப்பம், ஆடிட், குறை தீர்த்தல் எல்லாவற்றுக்குமாகக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்க வேண்டும். டிரான்சாக்ஷன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு என்பதால், சரக்கு கிளம்பிய வாரமே மனு போடுங்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனிக் கட்டணம் என்பதால், ஒரே வாங்குபவருக்கு அடுத்தடுத்துப் போகும் சிறு சரக்குகளைச் சேர்த்து ஒன்றாக வாங்க முடியுமா என்று சான்றளிக்கும் நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

5. சாயமும் வேதிப்பொருளும்

ரீச் விதியில் தெரிந்திருக்க வேண்டிய எண்கள் சில. தடை செய்யப்பட்ட அரோமாட்டிக் அமீன்களை வெளிவிடும் அசோ சாயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். ஃபார்மால்டிஹைடுக்கு 75 மில்லிகிராம். நீரில் துவைக்கக்கூடிய துணியில் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் எடையில் 0.01 சதவீதத்தை எட்டக் கூடாது. மிகுந்த கவலைக்குரியவை என்று பட்டியலிடப்பட்ட பொருள் ஏதேனும் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியல் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நீளும். ஆகவே பழைய உறுதிமொழிக் கடிதத்தைத் தேதி மாற்றி அனுப்பாதீர்கள்.

சாயப்பட்டறையிடம் வாங்க வேண்டிய காகிதங்கள்: தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடப்பு இசைவாணை, பொதுச் சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர் சான்று அல்லது சொந்தச் சுத்திகரிப்பு நிலைய விவரம், பயன்படுத்திய சாயம், துணைப்பொருள்களின் பட்டியல், ஒவ்வொன்றின் பாதுகாப்புத் தாள். திருப்பூரின் சாயத்தொழில் கழிவுநீரை வெளியே விடாத முறையில் இயங்குவது நமக்குப் பெரிய பலம். அதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், எவ்வளவு நீர் மீட்கப்பட்டது என்ற மாதாந்திரக் கணக்கை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஈ.எஸ்.பி.ஆர். பார்க்கும் அம்சங்களில் நீர்ப் பயன்பாடும் ஒன்று.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் பிரிண்டிங்கும் ஆக்சஸரீஸும்தான். பிளாஸ்டிசால் மை, உலோகப் பட்டன், ஜிப், ரப்பர் பேட்ஜ் ஆகியவற்றைத் துணியோடு சேர்த்து எண்ணாமல், தனித்தனிப் பொருள்களாகப் பார்த்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

6. எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் சோதித்துப் பதியுங்கள்

ஆடைக்கான விதியில் கடைசியாக எந்த வரம்பு வந்தாலும், நீடித்த உழைப்பு அதில் மையமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். பின்னலாடைக்கு இன்றே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. ஐ.எஸ்.ஓ. 6330 முறையில் துவைத்து 5077-இன்படி சுருக்கம் அளப்பது, 16322-இன்படி முறுக்கம் அளப்பது, 12945-2-இன்படி முடிச்சு விழுவதைப் பார்ப்பது, 105-சி06, 105-எக்ஸ்12 முறைகளில் சாயம் போவதைப் பார்ப்பது ஆகியவை அவை. சிங்கிள் ஜெர்சியில் நம் முக்கிய எதிரி முறுக்கம்தான். ஐந்தாறு துவைப்புக்குப் பிறகு பக்கத் தையல் வயிற்றுப்பக்கம் திரும்பிவிட்ட டி-ஷர்ட்டை யாரும் வெளியே போட்டுக்கொண்டு போவதில்லை. துணி கிழியாமலே அந்த ஆடையின் ஆயுள் முடிந்துவிடுகிறது. நூலின் முறுக்கையும் பின்னல் கண்ணியின் நீளத்தையும் சரிசெய்து இதை நிட்டிங்கிலேயே பெருமளவு குறைக்கலாம். ஆகவே சோதனையை ஆடை நிலைக்குத் தள்ளிப்போடாமல், முதல் ரோலிலேயே செய்யுங்கள்.

செலவு எங்கே ஏறுகிறது என்றால் மாதிரிகளின் எண்ணிக்கையில். இரண்டு துணி, ஆறு நிறம் என்றால் பன்னிரண்டு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் எல்லாச் சோதனையும் செய்தால் லாபத்தில் ஒரு பகுதி ஆய்வுக்கூடத்துக்கே போய்விடும். சுருக்கம், முறுக்கம், முடிச்சு மூன்றையும் ஒவ்வொரு துணியிலும் ஒரு நிறத்துக்குச் செய்து, சாயம் போவதை அடர் நிறங்களுக்கு மட்டும் செய்ய ஒப்புக்கொள்வீர்களா என்று வாங்குபவரிடம் முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்பதையும் விலைக் கணக்கில் எழுதிவிடுங்கள். அறிக்கைக்கு ஒரு வேலை வாரம் ஒதுக்குங்கள். தோற்றுப்போனால் மறுசோதனைக்கு இன்னொரு வாரம் வேண்டும்.

7. லேபிளும் ஹேங்டேக்கும்

நார்ச் சேர்க்கையை எடைச் சதவீதத்தில், இறங்கு வரிசையில், விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் எழுத வேண்டும். அமெரிக்க ஆர்டருக்குப் போட்ட லேபிளை அப்படியே பயன்படுத்துவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே ஸ்பாண்டெக்ஸ் என்பது ஐரோப்பாவில் எலாஸ்டேன். அங்கே ரேயான் என்பது ஐரோப்பாவில் விஸ்கோஸ்.

ஹேங்டேக்கில் "சூழலுக்கு உகந்தது", "பசுமையானது" என்று பொதுப்படையாக அச்சிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2024/825-இன்படி, சிறந்த சூழல் செயல்திறன் நிரூபிக்கப்படாமல் அத்தகைய வாசகம் கூடாது. சான்றளிப்பு முறையோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத இலைப் படம் போட்ட சொந்த முத்திரையும் கூடாது. "95 சதவீதம் ஆர்கானிக் பருத்தி, ஜி.ஓ.டி.எஸ். சான்று" என்பது போல, அளவும் ஆதாரமும் உள்ள வாசகம் நிற்கும். ஆயிரக்கணக்கில் டேக் அச்சடித்து ஸ்டாக் வைத்திருப்பவர்கள், பழைய வாசகத்தில் இன்னொரு லாட் அச்சடிக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

8. பாலிபேக்கும் அட்டைப்பெட்டியும்

பேக்கிங் விதிப்படி ஒவ்வொரு பேக்கிங் வகைக்கும் தொழில்நுட்ப ஆவணமும் இணக்க அறிவிப்பும் தேவை. ஈயம், காட்மியம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியம் நான்கும் சேர்ந்து கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாலிபேக் சப்ளையரிடம் மூலப்பொருள், தடிமன், எடை, மறுசுழற்சிப் பங்கு ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஆடையின் எடையோடு அதன் பாலிபேக், அட்டை, கிளிப் ஆகியவற்றின் எடையையும் ஸ்டைல் வாரியாகக் குறித்து வையுங்கள். ஒரு கிராம் தராசும் அரை மணி நேரமும் இருந்தால் முடிந்துவிடும் வேலை இது. வாங்குபவர் தன் நாட்டில் கட்டணம் கட்ட இந்த எண்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

9. கட்டிங் கழிவைப் பிரித்து விற்றால் அதற்கும் கணக்கு உண்டு

நம் கட்டிங் கழிவு வியாபாரி வழியாக ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களுக்குப் போய் மறுபடி நூலாகிறது. சுழற்சிப் பொருளாதாரம் என்று ஐரோப்பா பேசுவதில் ஒரு பகுதி நம் கொல்லைப்புறத்திலேயே நடக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் அதன் மதிப்புப் போய்விடும். நூறு சதவீதப் பருத்தியை நிறம் வாரியாகத் தனி மூட்டையிலும், எலாஸ்டேன் கலந்ததைத் தனி மூட்டையிலும் போடுங்கள். நாரைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் எலாஸ்டேன் இழுபட்டுச் சிக்கலை உண்டாக்கும். மூட்டையின் எடை, சேர்க்கை, வாங்கியவர் விவரம் மூன்றும் உள்ள பில் உங்கள் எடைக் கணக்கை நிறைவாக்கும். அந்த நாரில் வரும் மறுசுழற்சி நூலுக்குச் சான்று எடுக்க, மூலப்பொருள் அறிவிப்பை மில் உங்களிடமே கேட்டு வரும்.

10. "பாஸ்போர்ட் சான்றிதழ்" விற்க வருபவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

க்யூ.ஆர். கோடு அச்சடித்துக் கொடுத்து "ஐரோப்பிய டி.பி.பி. (டிஜிட்டல் பாஸ்போர்ட்) சான்றிதழ்" என்று விற்பவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பாஸ்போர்ட் என்பது பொருளோடு இணைந்த ஒரு தகவல் தொகுப்பு. அது யாரும் வழங்கும் சான்றிதழ் இல்லை. ஆடைக்கு எந்தெந்தத் தகவல் கட்டாயம் என்பதை ஆடைக்கான தனி விதிதான் தீர்மானிக்கும். அதற்கு முன் "முழு இணக்கம்" என்று எவராலும் உறுதி தர முடியாது. மென்பொருள் வாங்கியே ஆக வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். என் தரவை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? ஒப்பந்தம் முடிந்தபின் தரவு யாரிடம் இருக்கும்? கட்டணம் ஸ்டைலுக்கா, ஒவ்வொரு துண்டுக்கா? கடைசிக் கேள்விக்கு "துண்டுக்கு" என்று பதில் வந்தால், உங்கள் ஆண்டு உற்பத்தியால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

11. எந்த வேலையை எப்போது தொடங்குவது

முதல் வாரத்தில் சலான் புத்தகத்தில் லாட் கட்டம் சேருங்கள். முதல் மாதத்துக்குள் ஜாப் ஒர்க் செய்பவர்கள் அனைவரின் பெயர், முகவரி, இசைவாணை, சான்றிதழ் முடியும் தேதி ஆகியவற்றை ஒரே எக்செல் தாளில் கொண்டு வாருங்கள். தொழிற்சாலைகளைப் பட்டியலிடும் ஓப்பன் சப்ளை ஹப் தளத்தில் உங்கள் தொழிற்சாலைக்குக் கட்டணமின்றி ஓர் அடையாள எண் கிடைக்கும், அதையும் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்குள் ஓடும் ஸ்டைல்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, நூல் பில் முதல் ஷிப்பிங் பில் வரை எல்லாக் காகிதத்தையும் ஒரே கோப்பில் சேர்த்துப் பாருங்கள். எங்கள் முதல் முயற்சியில் பதினான்கு காகிதங்களில் ஐந்து இல்லை. இரண்டாவது ஆர்டரில் ஒன்று மட்டும் இல்லை. அது தையல் நூல் சப்ளையரின் சேர்க்கை அறிவிப்பு, அதையும் இப்போது நூல் டப்பா வரும்போதே கேட்டு வாங்கிவிடுகிறோம்.